மிளகு வணிகரின் கடிதமும் எருமப்பட்டிப் பந்தியும்

அந்தப் பிளெக்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. எருமப்பட்டிக் கல்யாண மண்டப வாசலில், மணமக்கள் படம் மாட்டும் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்தார்கள்: ‘யூதர்களின் வெற்றி ரகசியம்.’ கீழே கூட்டச் செலவை ஏற்றிருந்த கோழிப்பண்ணை முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே, இடம் மிச்சமிருந்ததால் ஒட்டியதுபோல, எங்கள் பல்கலைக்கழக முத்திரை. ஊர் ஊராகப் போய் ஆய்வுகளை மக்களிடம் பேச வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. நாங்கள் கொடுத்த தலைப்பு, ‘மலபார்க் கரையில் யூத வணிகர்கள் எழுதிய கடிதங்கள்.’ பேச வேண்டியவள் என் ஆய்வு மாணவி. அவள் பெயர் அந்தப் பிளெக்ஸில் எங்குமே இல்லை.

சேலம் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண் அவள். அரபியைப் பள்ளிவாசல் வகுப்பில் தொடங்கிக் கல்லூரியில் முறையாகப் படித்தாள். எபிரேய எழுத்தை ஆய்வுக்காகக் கற்றாள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மிளகு வாங்க நம் மேற்குக் கரைக்கு வந்த யூதர்கள் பேசியது அரபி; அதை எழுதியது எபிரேய எழுத்தில். இரண்டும் தெரிந்தவரிடம்தான் அந்தக் கடிதங்கள் வாய் திறக்கும். எங்கள் துறையில் அவை அவள் ஒருத்தியிடம்தான் பேசின. வீட்டுக்கு வரும் மாமா ஒருவர், “எங்க நம்ம யூதச்சி?” என்று கேட்பாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மறுபடி கணினித் திரைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். தன் கடிதங்களைப் பற்றி வெளியாட்கள் முன் அவள் பேசப்போகும் முதல் கூட்டம் இது.

மேடைக்குப் பின்னால் எங்கள் பல்கலைக்கழக டீன் என் தோளில் கை போட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சார். இப்ப இருக்கற நெலமைல அந்தப் பொண்ணு யூதரைப் பத்திப் பேசுனா ஆராச்சும் வீடியோ எடுத்துப் போட்டுடுவானுங்க. நீங்களே பேசிடுங்க.”

“அவ என்ன பேசப்போறான்னு கேட்டீங்களா?”

“என்ன பேசுனாலும் வம்புதானுங்க. பொண்ணை நன்றியுரைக்குப் போட்டுடலாம். மேடை ஏத்துன மாதிரியும் ஆச்சு.”

நான் பேச மாட்டேன் என்றேன். அதனால் எதுவும் குடிமுழுகிவிடவில்லை. கோழிப்பண்ணை முதலாளியே மைக்கைப் பிடித்தார். யூதர் மூளை என்றார். காசு காசைக் குட்டி போடும் சூட்சுமம் அவர்கள் ரத்தத்தில் ஓடுகிறது என்றார். இஸ்ரேலின் சொட்டுநீர்ப் பாசனம் என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. காசும் தந்திரமும் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லித்தானே ஒரு கண்டம் முழுக்க அவர்களை வேட்டையாடினார்கள்? அதே சொல்லை இங்கே சந்தனம் தடவிப் பொன்னாடை போர்த்தி உட்கார வைக்கிறோம். புகழ்கிறோமாம். முத்திரை எங்களுடையது.

பிறகு நன்றியுரை. நம் ஊர்க் கூட்டங்களில் நன்றியுரை என்பது நாற்காலிகள் நகரும் நேரம். “அனைவருக்கும் வணக்கம். இங்கே இல்லாத ஒரு மிளகு வணிகருக்கு முதல் நன்றி,” என்று அவள் தொடங்கியபோதே பாதிக் கூட்டம் சாம்பார் வாசத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அவள் விடாமல் கடிதத்துக்குள் போனாள். டீன் ஒலிபெருக்கிக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். நாட்டுப்பண் ஒலித்தது. பேச்சின் நடுவே, வாக்கியத்தின் நடுவே. அவள் வாயை மூடி நேராக நின்றாள். எல்லோரும் நேராக நின்றோம். பாட்டு முடிந்தபோது மைக்கும் செத்திருந்தது.

நான் டீனை நோக்கிப் பாய்ந்தேன். “விடுங்க சார், சாப்பிடப் போலாம்,” என்று அவள் குறுக்கே வந்தாள். அந்த நிமிடம் அவள் மேலும் எனக்குக் கோபம்.

சாப்பாட்டுக் கூடத்தில் டீனும் முதலாளியும் முதல் வரிசையில் இலை முன் உட்கார்ந்தார்கள். எதிரே எனக்கு ஓர் இலை. அவள் மட்டும் உட்காரவில்லை. சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, எல்லாக் கைகளும் பிசையத் தொடங்கியதும் பந்தியின் தலைமாட்டில் வந்து நின்றாள். பக்கத்து இலை முடியாமல் எங்கள் பக்கம் யாரும் பந்தியை விட்டு எழுவதில்லை. எழுந்தால் சோறு போட்டவருக்கு அவமரியாதை. அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள்.

“நன்றியுரை பாதில நின்னுடுச்சுங்க. மிச்சத்தை இங்க சொல்லிடறேன். நீங்க சாப்பிடுங்க.”

டீன் அரைவாசி எழுந்தார். “உக்காருங்க சார், இன்னும் ரசமே வரலை,” என்று முதலாளி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“ஐயா ஜெயிச்சவங்களைப் பத்திச் சொன்னாங்க. இவரு தோத்தவருங்க,” என்றாள். கப்பல் கவிழ்ந்து மிளகெல்லாம் கடலோடு போன ஒருவர். வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு இந்தக் கரையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர். பையன் படிக்கிறானா, நான் போனபோது வைத்த அத்திமரம் காய்த்ததா என்று மனைவிக்கு எழுதியவர். கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று யூதர்கள் பழைய தாள்களைத் தொழுகைக் கூடத்து அறையில் போட்டுவைத்ததால் அந்தக் கடிதம் பிழைத்தது என்றும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த வாளிக்காரர்கள் நின்றுவிட்டார்கள்.

ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போய் வந்தவர் ஒருவர் கடைசி இலையில் இருந்தார். சோற்றுக் கை இலை மேலேயே நின்றது.

“ஏஞ்சாமி, அந்தாளு ஊடு போய்ச் சேந்தாரா?”

“தெரியலைங்க. அதுக்கப்புறம் அவரு கடுதாசி கெடைக்கலைங்க.”

“சம்சாரமாச்சும் பதில் போட்டுச்சா?”

“அதைத்தானுங்க தேடிட்டு இருக்கேன்.”

“தேடு சாமி, உட்றாத,” என்றார் அவர். “அந்தத் தவிப்பு போனவனுக்குத்தான் தெரியும்.” வரிசை முழுக்கத் தலைகள் ஆடின. முதலாளி மட்டும், “ரசத்தை ஊத்துங்கப்பா, ஆறுது,” என்றார்.

கை கழுவும் இடத்தில் டீன் என்னை மறித்தார். “இது முறையில்லீங்க சார்.”

அடுத்த கூட்டம் ஜேடர்பாளையத்தில். அழைப்பிதழில் பேச்சாளர் என்று அவள் பெயர் இல்லையென்றால் எங்கள் துறையிலிருந்து ஒருவரும் வண்டி ஏற மாட்டோம் என்றேன். என் குரல் கூடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

“சாப்பிட்ட எடத்துல சண்டை வேண்டாமுங்க,” என்றார் டீன்.

“வேற எந்த எடத்தைங்க எங்களுக்கு உட்டு வெச்சீங்க?” என்று கேட்டேன்.