இது நேர்ச்சை மொட்டை இல்லை

என் மகள் இசக்கியின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது நானோ என் மனைவியோ இல்லை. என் விசில் கயிறு.

சீவலப்பேரிக்கும் திருநெல்வேலி சந்திப்புக்கும் இடையே ஓடும் டவுண் பஸ்ஸில் நான் கண்டக்டர். பாளையங்கோட்டையில் படித்த இசக்கி காலையில் என் வண்டியில்தான் வருவாள். அவள் ஏறியதும் விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிடுவேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். எங்கள் நிறுத்தத்தில் அந்த இரண்டு விசிலை ஊதுவது அவள் உரிமை. டிரைவர் சுப்பையா அண்ணாச்சியும் அவள் ஊதினால்தான் கியரைத் தொடுவார்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் கயிறு இடது பக்கம், கழுத்தெலும்புக்கு மேலே, தட்டி நின்றது. தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

“வலிக்குதாளா?”

“இல்லப்பா.”

வலிக்கவில்லை என்றதும் நிம்மதியாக டிக்கெட் கிழிக்கப் போய்விட்டேன். இதை வாசிக்கிற உங்களிடம் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். சளிக்கும் புண்ணுக்கும் கட்டுகிற நெறி பெரும்பாலும் வலிக்கும், சில வாரத்தில் வற்றிவிடும். வலிக்காமல், ரப்பர் மாதிரி, வற்றாமல் உட்கார்ந்திருக்கிற கட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கழுத்தெலும்புக்கு மேலே இருந்தால் ஒருநாளும் தள்ளிப் போடக்கூடாது.

என் மனைவி முத்துலட்சுமி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பிறகு ஒரு டாக்டரிடம் காட்டினோம். ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ (குழந்தையின் நெஞ்சில் காசநோய்க் கிருமி முதன்முதலாக வந்து தங்கும் நிலை) என்றார். அந்த வருடங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு பிள்ளைக்கு அந்தப் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. அதனால் எங்களுக்குப் பயமே வரவில்லை. மாத்திரை தின்ற பிள்ளைக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்து, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று இரண்டு பேரும் மகிழ்ந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆனது. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. சாயங்காலம் ஆனால் மேல் காய்ச்சலாகச் சுட்டது. விடியும்போது தலையணை வியர்வையில் நனைந்து கிடந்தது. அரை டவுசர் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடியவள் இரண்டு படி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசிலும் தேய்ந்தது. முதல் ஊதல் கேட்கும், இரண்டாவது காற்றாகப் போய்விடும்.

“என்னவே, ஒம்ம மவ அரை விசில் அடிக்கா. அரை விசிலுக்கு வண்டிய எடுக்கவா, நிப்பாட்டவா?” என்று கேட்டார் அண்ணாச்சி. வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் என்று வரும்.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பெண் சர்ஜனிடம் காட்டினோம். அவர் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாதாரணமாக ஒடுக்கமாக இருக்க வேண்டிய நடுப்பகுதி இருபுறமும் அகன்றிருந்தது. உள்ளேயும் கட்டிகள், அவைதான் மூச்சுக்குழாயை நெருக்குகின்றன என்றார். கழுத்துக் கட்டி ஒன்றை எடுத்து பயாப்சிக்கு (திசுவை நுண்ணோக்கியில் வைத்துச் சோதிப்பது) அனுப்பினார். பதில் வந்த அன்று எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

“ஹாட்ஜ்கின் லிம்போமா. ரத்தத்தோட கூடவே நிணநீர்னு ஒண்ணு உடம்பு பூரா ஓடுது. அதை வடிகட்டுற சுரப்பிகள்ல தொடங்குற புற்றுநோய் இது.”

முத்துலட்சுமி என் கையைப் பிடித்தாள். “நான் என்னத்த தின்னக் குடுத்தேன் டாக்டர்? எதுல தப்புப் பண்ணுனேன்?”

“நீங்க குடுத்தது எதுனாலயும் வரலம்மா. பரம்பரையா வார நோயும் இல்ல. ஒட்டுற நோயும் இல்ல. குணமாகக்கூடிய நோய். அதை மட்டும் இப்ப மனசுல வச்சுக்கிடுங்க.”

திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார். போனோம். அங்கே இருந்த பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் மொட்டைத் தலைகளோடு பிள்ளைகள் பலூன் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். இசக்கி பலூனைப் பார்த்தாள். ஐந்தாவது நிமிடம் அவளும் ஒரு தட்டுத் தட்டினாள்.

அங்கே குழந்தைகள் டாக்டர் நாகர்கோவில்காரர். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: “ஒம்பது வயசுல இது வருமா சார்? பிள்ளைக்கு இன்னும் பால்பல்லே முழுசா விழல.”

அவர் பொறுமையாகச் சொன்னார். லிம்போமாவில் இரண்டு வகை. ஹாட்ஜ்கின் வகை ஐந்து வயதுக்குள் அபூர்வம். வயது ஏற ஏறக் கூடும், பதினைந்தை ஒட்டிய வயதில்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும், அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகமாக, வருகிறது. இன்னொரு வகை எந்த வயதிலும் வரலாம், சில நாட்களிலேயே வேகமாக வளரும், ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது.

“வயசப் பாத்து வார நோய் இல்லண்ணாச்சி. நாம வயசப் பாத்து ஏமாந்துறக் கூடாது, அவ்வளவுதான்.”

“பிழைச்சுக்கிடுவாளா?”

“முழுசா மருந்த முடிச்சாங்கன்னா, நெறைய பிள்ளைங்க பிழைச்சு வீட்டுக்குப் போறாங்க. ரெண்டு ஊசியில கட்டி வத்துனதும் ஊருக்குப் போயி வராம இருந்துறாதீங்க. அங்கனதான் தோக்குறோம்.”

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி, இரண்டு ஊசி சேர்ந்தால் ஒரு சுற்று, மொத்தம் ஆறு சுற்று. கீமோதெரபி (வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கும் மருந்துகள்). நல்ல செல்லையும் கெட்ட செல்லையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் முடி உதிரும், வாய் புண்ணாகும், வெள்ளணு குறையும். வெள்ளணு குறைந்த நாளில் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இதை எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தேன்.

நான்காவது ஊசிக்குப் போகும்போது வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பஸ்ஸுக்குள் வந்ததுமே அவளுக்குக் குமட்டியது. ஊசி போட இன்னும் நேரம் இருந்தது. ஆனால் உடம்பு வழியைப் படித்து வைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “வாரேன், வாரேன், அவசரப்படாத” என்று அந்த மருந்தைத் திட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு முதுகு நிமிர்ந்தது. பிள்ளையே சண்டைக்கு நிற்கும்போது தகப்பன் எதற்கு மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும்?

முடி கொத்துக் கொத்தாக வந்தது. மிச்சத்தை நானே மழித்துவிட்டேன். அன்று முத்துலட்சுமி ஒரு வழி சொன்னாள்.

“திருச்செந்தூருக்கு நேர்ச்சை, மொட்டை போட்டோம்னு சொல்லிருவோம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ.”

“எதுக்கு?”

“அவ பொம்பளப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கைல குடுக்கணும்லா. புத்துன்னு ஒருக்கா வாயில வந்துட்டா, அவ கூடவே கடைசி வரைக்கும் வருமே.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். அந்தப் பதிலுக்குள் என் மகளை ஒளித்து வைப்பது லேசாக இருந்தது. வெள்ளணு ஏறிய வாரங்களில் பள்ளிக்கு அனுப்பலாம் என்று டாக்டர் அனுமதித்தார். காலை டிரிப்பில் அவளை முன் இருக்கையில் உட்கார வைத்தேன். டிக்கெட் வாங்கிய எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் திருச்செந்தூர் என்று சொன்னேன். முருகனும் பொறுத்துக்கொண்டான்.

ஆனால் மொட்டை வளரவில்லை. இரண்டு மாதம் கழித்தும் தலை வழுவழுவென்றே இருந்தது. புருவமும் போய்விட்டது. எந்த நேர்ச்சையிலும் புருவம் கொடுப்பதில்லையே. வண்டிக்குள் குசுகுசுப்பு தொடங்கியது.

ஒருநாள் காய்க்கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை உற்றுப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, இடமில்லாத கூட்டத்தில் போய் நின்றுகொண்டாள்.

“யக்கா, அங்கன இடம் கெடக்கே” என்றேன்.

“வேண்டாம்யா. இது மொட்டை கெடையாது, என்னமோ சீக்கு. பிள்ளைய வீட்டுல போட்டு வைக்காம பஸ்ஸுல கூட்டிட்டு அலையுதீரு. ஒட்டிக்கிட்டா யாரு பாக்கது?”

நான் விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினேன். வயல் நடுவில் வண்டி நின்றது. அந்த அம்மாளை இறக்கிவிடுவது என்ற முடிவோடுதான் ஊதினேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

“இறங்குங்க” என்று வாயெடுப்பதற்குள் இசக்கி இருக்கையில் எழுந்து நின்றாள்.

“அத்த, இது நேர்ச்சை மொட்டை இல்ல. எங்கப்பா பொய் சொல்லுதாவ. எனக்கு லிம்போமா. புத்துநோய்தான். மருந்து எடுக்கேன், அதான் முடி கொட்டிட்டு. ஒட்டாது. ஒட்டும்னா எங்கம்மைக்குத்தான மொதல்ல ஒட்டணும்?”

ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய்க்குப் பின்னால் ஒளித்து வைத்த வெட்கம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். “எனக்கு என்னத்தத் தெரியும்ளா” என்றாள், இசக்கியைப் பார்க்காமல்.

இசக்கி என்னிடம் கையை நீட்டினாள். விசிலைக் கொடுத்தேன். ஊதினாள். முதலாவது கேட்டது. இரண்டாவது பாதிதான் வந்தது.

“கேட்டுட்டு, கேட்டுட்டு” என்று கத்திவிட்டு அண்ணாச்சி வண்டியை எடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் நிறைய அழுதாள். பிறகு, “அவளே சொல்லிட்டாள்னா நாம எதுக்கு மூடணும்” என்றாள். மறுநாளிலிருந்து கேட்ட எல்லாருக்கும் நோயின் பெயரைச் சொன்னேன். சிலர் நகர்ந்து நின்றார்கள். நிற்கட்டும். ஆனால் சீவலப்பேரியில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கழுத்தைக் காட்டி, “இதையும் பாருங்க அண்ணாச்சி” என்று கேட்டான். நான் டாக்டர் இல்லை, பாளையங்கோட்டைக்கு வண்டி ஏற்றிவிட்டேன். அது வெறும் நெறிதான். இருந்தாலும் கேட்டான் அல்லவா?

ஆறு சுற்று மருந்தும் முடிந்தது. ஒரு ஊசியைக்கூட நாங்கள் தவற விடவில்லை. நெஞ்சுக் கட்டி எக்ஸ்ரேயில் கரைந்து காணாமல் போனது. அதன் பிறகு எங்கள் வீட்டு நாட்காட்டி மாறிவிட்டது. மாதம் ஒருமுறை சோதனை, பிறகு மூன்று மாதம், ஆறு மாதம், இப்போது வருடம் ஒருமுறை. முன்பெல்லாம் நேரம் என்றால் எனக்கு டிரிப் நேரம்தான். இப்போது ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் கிடைப்பதைத்தான் நேரம் என்கிறேன். அதில் ஒரு நாளையும் நோய்க்குத் தருவதாக இல்லை.

இசக்கிக்கு இப்போது பதினைந்து. இந்த நோய் அதிகம் வரும் என்று டாக்டர் சொன்ன வயது. என் மகளோ அந்த நோயை முன்கூட்டியே முடித்துவிட்டு இந்த வயதுக்குள் நுழைந்திருக்கிறாள். இரட்டைச் சடை போடுகிறாள். கழுத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அதைத் துணி போட்டு மூடுவதில்லை.

என் கைதான் இன்னும் திருந்தவில்லை. காலையில் அவள் ஏறியதும் அது தானாக அவள் கழுத்தெலும்புக்கு மேலே போய்விடுகிறது. கூட்டத்தில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்கிறேன். நேற்றும் அப்படித்தான் இசக்கியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். வண்டி நிற்கிறது, அண்ணாச்சி கண்ணாடியில் பார்க்கிறார், கூட்டம் முனகுகிறது.

“பாத்தாச்சுல்லாப்பா? ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது” என்று என் கையைத் தட்டிவிட்டு, விசிலை இழுத்து இரண்டு தடவை ஊதினாள். இரண்டும் முழுசாகக் கேட்டது.