தாலி என்பது ஓர் ஊர்

செய்தி வந்தபோது அம்மா எங்கள் பேசாலைக் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பங்குச் சுவாமியார் செருப்பில்லாமல் மணலில் ஓடி வந்தார். சீனாவில் படித்துக்கொண்டிருந்த என் செலின் அக்கா, மலைப்பாதையில் வான் வண்டி சறுக்கி விழுந்து இறந்துவிட்டார். வயது இருபத்துமூன்று.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, "அன்பும் பண்பும் நிறைந்தவர் என்று எழுது பிள்ளை" என்றார்கள். அக்காவை அறியாதவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது வேறு. பிழையான ஒன்றைக் கேட்டுக்கொண்டு அவரால் பேசாமல் இருக்க முடியாது.

அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பூசையில் மரண அறிவித்தல் வாசிக்கப்பட்டதாம். அக்கா வாங்கிலிருந்து எழும்பி, "சுவாமி, செத்தது அவரில்ல, அவற்ற தம்பி. அவர் இஞ்சதான் இருக்கிறார்" என்றாராம். இறந்ததாக வாசிக்கப்பட்டவர் மூன்றாம் வரிசையில் இருந்து சிரித்தாராம். சுவாமியார் திருத்தி வாசித்த பிறகுதான் அக்கா திரும்ப வாங்கில் இருந்தார்.

புலமைப்பரிசில் கிடைத்துச் சீனாவுக்குப் போன பிறகு, அங்கு வாழும் பாய் என்னும் இனத்தவரைப் பற்றி அக்கா ஆசையோடு பேசுவார். "பாயைப் பற்றிப் படிக்கச் சீனாவுக்கே போகவேணும்? என்ர பழைய வள்ளத்துப் பாய் கூரையில கிடக்கு, வந்து பார்" என்று அப்பா தொலைபேசியில் பகிடி விட்டார்.

பாய் மக்களின் ஊர் தாலி. அந்தப் பக்கத்தில் இரண்டு பழைய சிற்றூர்கள்: ஏரிக்கரையில் ஷீஜோ, மலைக்குள் ஷாஷி. அக்காவுக்கு இருந்ததோ இரண்டே நாள் விடுமுறை.

"ரெண்டுக்கும் நாள் காணாது. நீதானே புத்தகப் பூச்சி, நீயே சொல்லு. எங்க போக?" என்று தொலைபேசியில் என்னைக் கேட்டார்.

நான் கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். ஷாஷியின் கீழ் தேயிலையும் உப்பும் சுமந்த குதிரைகளின் பாதை, நாடக மேடை, வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பன்னிரண்டு காரணங்கள் எழுதினேன். "ஷாஷிக்குப் போங்கோ அக்கா" என்றேன்.

"உத்தரவு, மகாராணி" என்று சிரித்தார். அந்தச் சந்தைக்குப் போகும் வழியில்தான் வான் விழுந்தது.

மூடிய பெட்டிதான் வந்தது. அதைத் தடவித் தடவி அம்மா ஒப்பாரி வைத்தார். "தாலிக்குப் போறன் எண்டாளே, பாய் சனத்தைப் பாக்கப் போறன் எண்டாளே!" தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கு, பாய் என்றால் முஸ்லிம் ஆள். அடக்கம் முடியுமுன்பே, "பாய்ப் பெடியன் ஒருத்தனிட்டத் தாலி வாங்கப் போனவளாம்" என்று ஊர் பேசியது. அம்மா இப்போது பூசைக்குப் போவதில்லை. அப்பா மீன்வாடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம்.

அக்கா யாரையும் விரும்பியிருந்தால் நேரே வந்து சொல்லியிருப்பார். ஒளிக்கத் தெரியாதவர். தாலி ஓர் ஊர். பாய் ஓர் இனம். அவர் தனியாகத்தான் போனார். போகச் சொன்னது நான். இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூட நான் இன்னும் சொல்லவில்லை. இந்த மலரில்தான் வாசிக்கப் போகிறார்கள்.

ஷீஜோவின் கீழும் ஒரு காரணம் எழுதியிருந்தேன்: "ஏரி உண்டு. வலையும் வள்ளமும் பார்க்கலாம். அக்காவுக்கு ஊர் ஞாபகம் வரும்." அது வரலாறு இல்லை என்று பிறகு வெட்டிவிட்டேன். அந்தக் கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் எழுத்து அப்படியே தெரிகிறது.

போயிட்டு வாங்கோ அக்கா. உங்களைப் போல எழும்பிச் சொல்லிவிட்டேன். திரும்ப இருக்கத்தான் முடியவில்லை.