சௌந்தரம் டீச்சரின் குலுக்கல்

கத்திரிக்காய்க் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து இரண்டு என்று உருவிக்கொண்டிருக்கிறார் சௌந்தரம். கடைக்காரி மரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“இன்னா டீச்சரம்மா, தினம் இதே பேஜாராப் போச்சு! மேல இருக்கறதப் பாத்தாப் பத்தாதா?”

“மேல இருக்கறது நீ பாத்து அடுக்குனது மரியம்மா. அது நல்லாத்தான் இருக்கும்.”

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். வயதைக் கேட்டால், “எங்க டிபார்ட்மென்ட் சராசரி நாப்பதுதான்” என்று நழுவுவார். அதே கல்லூரியில் நான் தமிழ்த்துறை. எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பல வருடமாக இவருடைய ஸ்கூட்டியின் பின்சீட்டு என்னுடையது. வழியில் எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. “ஊர்ல எல்லாருக்கும் காய்ச்சல்” என்றால் வண்டி வேகம் குறையும். “எல்லாருக்கும்னா? எத்தினி பேரக் கேட்ட?” மாமியாரைப் பற்றி நான் புலம்பியபோதுகூட, “ஒரே ஒரு மாமியார வெச்சி முடிவுக்கு வராத” என்றார். கோபித்துக்கொண்டு இறங்கிவிடலாம்தான், வீடு வரை யார் நடப்பது?

சில மாதங்களுக்கு முன் ஆராய்ச்சி என்று, என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு ஷூ கம்பெனிக்குள் நுழைந்தார். தோலை ஒட்டும் பசை பட்டுப் பட்டு அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு உள்ளங்கை வெடித்திருந்தது. புதிதாக ஒரு கிரீம் வந்திருக்கிறது. அது நிஜமாகவே கேட்கிறது என்று காட்டினால் எல்லாருக்கும் வாங்கித் தருவதாக மேனேஜர் ரஷீத் அஹமது வாக்குக் கொடுத்தார். டீச்சர் ஓர் எவர்சில்வர் குண்டானில் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பாதிப் பேருக்குக் கிரீம், மீதிப் பேருக்கு அவர்கள் வழக்கமாகப் பூசும் வாசலின். யாருக்கு எது என்று மனிதர் தீர்மானிக்கக் கூடாதாம். அப்போதுதான் புண் ஜாஸ்தியான கையும் கம்மியான கையும் இரண்டு பக்கமும் கலந்து விழுமாம்.

மாதம் ஒன்று கழித்து, அவரவர் கையிலிருந்த டப்பாவை வைத்துக் கணக்கெடுத்தால், கிரீம் பூசியவர்களின் கைகள்தான் மோசமாக இருந்தன. “இது வேலைக்கு ஆவாது மேடம்” என்று மேனேஜர் கைவிரித்துவிட்டார். டீச்சருக்கு முகம் செத்துப்போயிற்று.

விஷயத்தைப் போட்டு உடைத்தவர் அங்கே வேலை செய்யும் கோவிந்தம்மாள். அந்தப் பெண்கள் மாதாமாதம் குலுக்கல் சீட்டுக் கட்டுகிறார்கள். பெயர் விழுந்தவள், கல்யாணம் ஆஸ்பத்திரி என்று தவித்து நிற்கிறவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். அதே முறையை இங்கேயும் கடைப்பிடித்திருக்கிறார்கள். “ஹலீமா பீ கை ரத்தமா இருந்துச்சு மேடம். என் கை பரவால்ல. அதான் டப்பாவ மாத்திக்கினோம். எல்லாருமே அப்டித்தான் செஞ்சோம்.” மோசமான கைகளெல்லாம் கிரீம் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.

திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இவரை ரொம்பவும் பிடித்துப்போனது அன்றுதான். நேரே மேனேஜரிடம் போய், “நான் சரியா சொல்லிக் குடுக்கல சார். கிரீம் மேல பழி போடாதீங்க” என்று கெஞ்சினார். “இதான் கடைசி மேடம்” என்று அவர் சம்மதித்தார்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் குலுக்கல். “இந்த வாட்டி யாரும் மாத்திக்கக் கூடாது. மாத்துனா யாருக்குமே கிடைக்காது. மாத்தாம இருந்து, கிரீம் கேக்குதுன்னு தெரிஞ்சா, ஒரு மாசத்துல எல்லாருக்கும் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் குண்டானை நீட்டினார்.

ஹலீமா பீ எடுத்த சீட்டில் வாசலின். வெடித்த விரல்களால் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்து எடுத்தவர் கோவிந்தம்மாள். கிரீம். அவர் பக்கத்திலிருந்த அந்த விரல்களைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். சீட்டுப் பிடித்த கை தானாகவே ஹலீமா பீ பக்கம் நகர்ந்தது.

சௌந்தரம் குண்டானைக் கீழே வைத்தார். கோவிந்தம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சீட்டோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். ஹலீமா பீ இருந்த பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.