ஆற்றங்கரையில் என் மனைவியின் கூடாரம்

என் மனைவி ஆறு வருடமாகக் கூடாரம் தைக்கிறாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. விடிவதற்கு முன்பே எங்கள் குப்பத்திலிருந்து நடந்து பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனால் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். கூடாரத்தின் நான்கு மூலையிலும் ஒரு கனமான நாடா இருக்கும். அதில் கயிற்றைக் கட்டித்தான் தரையோடு இழுத்து முளை அடிப்பார்கள். அந்த நாடாவைத் துணியோடு சேர்த்துத் தைப்பது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மூலை, மூலை, மூலைதான்.

போன பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். ஜிப் கோணலாகப் போனதால் கழித்துப் போட்ட கூடாரம். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஜிப்பைப் பிரித்து வீட்டு மெஷினில் நேராகத் தைத்து முடித்ததும் என்னிடம் சொன்னாள்.

“பொங்கலுக்கு அஞ்சு நாள் லீவு. பொன்னேரி வரைக்கும் பஸ்ல போவலாம். அங்கருந்து ஆத்தங்கரையோடவே நடந்து, கால்வாக்கரை புடிச்சு வூட்டுக்கு வந்துருவோம். ரெண்டு ராத்திரி இதுல படுத்துக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னாமே, வூடு இருக்கறப்ப துணிக்குள்ள போய்ப் படுப்பாங்களா? நான் படகுல படுத்த நாள் கொஞ்சமா நஞ்சமா?”

“நீ படுத்துக்கிற. நான் எங்கயாவது படுத்துக்கிறனா? எவன் எவனோ படுக்கறதுக்குத் தச்சுக் குடுக்கறேன்.”

லீவு தொடங்கியதும் பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பொன்னேரி தாண்டி ஆரணி ஆற்றின் கரையில் ஏறினோம். மழைக்காலம் முடிந்த கையோடு ஆற்றில் நல்ல தண்ணீர். இரண்டு பக்கமும் நெல் அறுப்புக்கு நின்றது. கடலையும் பழவேற்காடு ஏரியையும் பார்த்தே வளர்ந்தவன் நான். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அந்த ஆறு எங்கள் ஏரிக்கு எப்படி வந்து சேருகிறது என்று காலால் நடந்து பார்த்தது அன்றைக்குத்தான். கரை சில இடத்தில் வண்டி போகும் அளவுக்கு அகலம். சில இடத்தில் வேலிக்காத்தான் முள் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு, குனிந்துதான் போக வேண்டும். அவள் முன்னால் நடந்தாள். பை கனமாக இருந்தது, கொடு என்று கேட்டேன். கொடுக்கவில்லை.

ஒரு களத்து மேட்டில் விவசாயி ஒருவர் எங்கள் பையையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த கூடாரக் கம்பிகளையும் பார்த்துவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“சர்வேக்கு வந்துக்கிறீங்களா? ரோடு போடப் போறாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. தூங்க வந்துக்கிறோம்” என்றாள் இவள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கண் முன்னாலேயே கூடாரத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். தன் பம்ப்செட் பக்கத்திலேயே அன்றைக்குத் தங்கிக்கொள்ளச் சொன்னார். இருட்டியதும் அவள் உள்ளே போய்ப் படுத்தாள். நான்கு மூலையையும் கையால் தடவிப் பார்த்தாள். நான் ஏதோ பேச வாயெடுப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆற்றுக் கரையை விட்டுக் கால்வாய்க் கரைக்கு வந்தோம். அங்கே மரம் குறைவு, வெறும் மணலும் முள்ளும். வாடைக் காற்று வலுத்திருந்தது. எங்களுக்கு முன்பே அங்கே சென்னையிலிருந்து ஐந்து பேர் காரில் வந்து பெரிய கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். நான் எங்கள் கூடாரக் கயிற்றைக் கட்ட அரிசிச் சாக்கில் மணல் நிரப்பிப் புதைத்துக்கொண்டிருந்தேன். மணலில் முளை நிற்காது என்பது வலை கட்டுகிற எவனுக்கும் தெரியும். அப்போது அங்கே ஒரே கூச்சல். அவர்கள் கூடாரத்தின் ஒரு மூலை பிய்ந்து, மொத்தமும் படகுப் பாய் மாதிரி உப்பித் தண்ணீரை நோக்கிப் போனது.

இவள் ஓடினாள். யோசிக்கவே இல்லை. போன வேகத்தில் துணி மேல் விழுந்து உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே நானும் போய் மறு முனையை அமுக்கிப் பிடித்தேன்.

அவர்களில் ஒரு பையன் கோபமாக, “என்ன தையல் இது, இந்தக் காத்துக்கே பிச்சுக்குது” என்றான்.

இவள் பிய்ந்த இடத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“தம்பி, இங்க வந்து பாரு. தையல் பிரியவே இல்ல. முள்ளு குத்திக்கிது, அதுலருந்து துணி கிழிஞ்சுக்கிது. இது எங்க கம்பெனி மாடலு. இந்த மூலையத் தைக்கறதுதான் என் வேலை.”

ஐவரும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். கிழிந்த துணியோடு நாடா அப்படியே இருந்தது. அதைப் பிடித்திருந்த நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.  

பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். எங்கள் கூடாரம் வந்த உறையிலேயே ஒரு கை அகலத்துக்குத் துணி வெட்டி, கிழிந்த இடத்துக்கு அடியில் ஒட்டாக வைத்துக் கையாலேயே தைத்தாள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. நான் முதுகைக் காட்டி மறைத்து நின்றேன். முடித்ததும் அந்தப் பையனிடம் நாடாவைக் கொடுத்து, “இப்ப இழு. உன்னால முடிஞ்ச மட்டும் இழு” என்றாள். அவன் காலை ஊன்றி இழுத்தான். அசையவில்லை. “சாரிக்கா” என்றான். அவர்களுக்கும் நான் மணல் சாக்குப் புதைத்துக் கொடுத்தேன்.

டீ கொடுத்தார்கள். அவர்களோடு வந்திருந்த பெண் என்னிடம், “நீங்க என்ன பண்றீங்கண்ணா?” என்று கேட்டாள். ஏரியில் இறால் பிடிக்கிறேன் என்று எப்போதும் சொல்கிற பதில் வாய் வரைக்கும் வந்தது. “நான் இவங்க வூட்டுக்காரரு” என்றேன். இவள் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் உச்சிவெயிலுக்கு முன்பே குப்பத்துக்கு வந்துவிட்டோம். லீவு முடிந்து வேலைக்குப் போனவள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூலைக்கு அடியில் இன்னொரு துணி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழி தைத்தவள் மேல்தான் விழும் என்று சொல்லியிருக்கிறாள். முதலில் அவர் காது கொடுக்கவில்லை. அவள் விடாமல் மாதிரிக்கு ஒரு மூலை தைத்து அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மாசி மாதம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னிலருந்து எல்லா மூலைக்கும் ரெட்டைத் துணி. ரெண்டு லைன்ல இருக்கற பொண்ணுங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கறேன்.” சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்ல நான் எழுந்து போனேன்.