பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள்

திருக்கோவிலூரில் சின்னதாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். புதியவர்களிடம் பேசவே கூச்சப்படுவேன். மூன்று வருடங்களுக்கு முன் சென்னையில் நடந்த ஆடியோ கண்காட்சிக்குப் போனேன். ஓர் அறையில், ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடியும்வரை ஒருவர்கூட இருமவில்லை. யாரும் யாருடனும் பேசத் தேவையில்லாத அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

உயர்ந்த ரக ஸ்பீக்கர் ஒரு ஜோடி பழையதாக வாங்கி வந்து, வீட்டிலும் அதே சட்டத்தைப் போட்டேன். பாட்டு ஓடும்போது என்னைக் கூப்பிடக் கூடாது.

"இன்னா, சாமி கும்புடுறீங்களா?" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். ஆனாலும் அந்த நேரத்தில் மிக்சியைக்கூடப் போட மாட்டாள்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு மாலை, பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தேன். அவள் கதவோரம் தரையில் சாய்ந்திருந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது.

"எப்போலருந்து இப்படி?"

"கொஞ்ச நேரமா நெஞ்சு அடைக்குதுங்க. பாட்டு முடியட்டும்னு உக்காந்துகினு இருந்தேன்."

கள்ளக்குறிச்சிக்குக் காரில் கொண்டுபோனோம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டாள்.

பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூட அந்த ஸ்பீக்கரில் கேட்கும். நாலடி தூரத்தில் இவள் மூச்சுத் திணறியது எனக்குக் கேட்கவில்லை.

இப்போது கதவைத் திறந்து வைத்து, சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்கிறேன். பாதிப் பாட்டில் யாரோ கூப்பிட்டதுபோல் இருக்கும். நிறுத்திவிட்டு, "கூப்ட்டியா?" என்பேன்.

"இல்லையே, பாட்டக் கேளுங்க" என்பாள்.

அப்படியும் எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.