மரங்கொத்தி பொம்மையும் முன் சக்கரமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு கீரமங்கலத்தில் ஒரு தேங்காய் வண்டியில் லோடுமேனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. அங்கே சாப்பாடு கிடைத்தது, படுக்க வண்டி இருந்தது, அதனால் சில மாதங்கள் தங்கினேன்.

ஒருநாள் புதுக்கோட்டையில் லோடு இறக்கிவிட்டுப் பார்த்தால் இடது முன் டயரில் காற்று இல்லை. மதியக் காட்சிக்குப் போகும் ஆசையில் இருந்த டிரைவர் அவசர அவசரமாக ஸ்டெப்னியை மாட்டினார். கட்டுமாவடிக்காரர். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் மாப்பிள்ளை.

சிரிப்புப் பேய்ப் படம். சாவி கொடுக்காமலே ஒரு மரங்கொத்தி பொம்மை டக் டக்கென்று கொத்தும். யாராவது ஒருவர் கேணத்தனமாகச் சாவார். ஒருவர் தன் கடை போர்டு விழுந்தே செத்தார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

வெளியே பிளாட்பாரத்தில் அதே மாதிரி பொம்மை விற்றார்கள். பாய் தன் மகளுக்கு ஒன்று வாங்கிவிட்டார். ஆலங்குடியில் பாட்டி வீட்டிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

திருவரங்குளம் தாண்டியதும் டக் டக்கென்று சத்தம். சீட்டுக்குப் பின்னாலிருந்த பொம்மையை எடுத்துக் கையில் வைத்தேன். அது அசையவில்லை. சத்தம் மட்டும் என் காலுக்கடியில் வந்துகொண்டே இருந்தது. வண்டி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது.

"பாய், கேக்குதா?"

"பழைய வண்டி மாப்ள. கதவு ஆடும்."

அந்தப் பிள்ளை ஏறி இந்தப் பொம்மையை மடியில் வைத்துக்கொள்ளும் என்று நினைக்கவே முடியவில்லை.

"ஓரங்கட்டுங்க. முன்னாடி தொங்குற எலுமிச்சம்பழத்த டயருக்கடியில வச்சு ஏத்திருவோம்."

அந்தப் பழம் வண்டி முதலாளி கட்டியது. பாய் சிரித்தார். "சினிமாவுக்குப் பரிகாரமா? எம் மக ஏறட்டும், அவகிட்டயும் சொல்லு. ஆறு வயசுப் புள்ள சிரிச்சே செத்துரும்."

"அப்படிப் பேசாதீங்க பாய். நிறுத்துங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, நிறுத்தினார். பழத்தைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு இடது முன் சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தேன். இரண்டு நட்டைக் காணோம். மிச்சம் இருந்தவற்றை விரலாலேயே சுற்ற முடிந்தது.

பாய் வந்து குந்திப் பார்த்தார். "நாந்தான மாட்டுனேன்" என்று மட்டும் சொன்னார். மற்ற சக்கரங்கள் இரண்டிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி மாட்டி, எல்லாவற்றையும் முறுக்கினோம். கடைசிச் சுற்றை முறுக்க ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆலங்குடியில் பிள்ளை ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில் டக் டக். பாய் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"ஏன் அத்தா நிறுத்துறீங்க? நாந்தான் சாவி குடுத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வண்டி. நான் பயந்தது தப்பான பொருளைப் பார்த்துத்தான். ஆனாலும் பயம் வரும்போது யார் சிரித்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன், இறங்கி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.