விசா அக்கா சொன்ன பொய்

வழியனுப்பி வைத்த பிறகும் போகாமல் அங்கேயே இருப்பவளைப் போல ஒரு சங்கடமான பிறவி உலகத்தில் கிடையாது. திரைச்சீலைக் கடையில் எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். முதலாளியம்மா கண்ணைக் கசக்கினாள். கட்டிங் மாஸ்டர் வாழ்க்கையில் யாரையும் பாராட்டாத மனுஷர். அவரே எழுந்து நின்று, "கீழ் மடிப்பு அடிக்க இவளை மாதிரி ஒருத்தி இனிமே பொறந்துதான் வரணும்" என்றார். கை தட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் புருஷனிடம் மறுவாரம் போகவேண்டியவள், மறுவாரமும், மறுமாதமும், அதற்கடுத்த மாதமும் அதே மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தப்பு அவள் மேல்தான். "எல்லாம் முடிஞ்சுது, கையில வர்றதுதான் பாக்கி" என்று விசா ஏஜென்ட் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை. கட்டிலை விற்றாள், அடுப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், வீட்டைக் காலி செய்தாள். பிறகு கடைக்குப் பின்னால் துணி உருளைகள் அடுக்கும் அறையில், அந்தப் புதுப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பாயில் படுத்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "இன்னும் போகலியா?" என்றார்கள். எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? கடைப் பெண்கள் அவளுக்கு விசா அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் சுருக்கென்று தைத்தது. போகப் போக அந்தப் பேரைக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கல்யாணமே காலங்கடந்த கல்யாணம். வயது நாற்பதை எட்டிப் பார்க்கும்போது, "இனி எனக்கென்ன" என்று இருந்தவளைத் தேடி வந்தார் அவர். வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். லீவில் வந்தார், பார்த்தார், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். லீவு முடிந்ததும் திரும்பிப் போனார். சேர்ந்து இருந்தது ஒரு மாதம்கூட நிறையவில்லை. அதிலும் பாதி நாள் வீட்டில் விருந்தாளிகள்.

அவருக்கு அங்கே ரூமில் இருந்தவர்கள் வைத்த பேர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை. கண் திறந்ததும் ஒலிபரப்பு ஆரம்பித்துவிடும். அவளோ கேட்டதற்குப் பதில், அதுவும் பாதிப் பதில் சொல்கிற ஆள். மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தைப்பாள். அவர் வேலை முடிந்து வந்து அங்கிருந்து பேசிக்கொண்டே இருப்பார். மேஸ்திரியோடு போட்ட சண்டை, மீன் பெட்டிக்குள் மேஸ்திரியின் பல் செட் கிடைத்தது, எதிர் ரூம்காரன் தூக்கத்தில் பாடுவது. அவள் குனிந்தபடி தனியாகச் சிரிப்பாள். "அக்காவுக்கு முத்திப் போச்சு" என்று கடைப் பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

திரைச்சீலைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கனமான துணியைத் தைத்தவுடன் கீழ் மடிப்பை அடிக்க மாட்டார்கள். சில நாள் அப்படியே தொங்கவிடுவார்கள். துணி தன் கனத்தில் இறங்கி, இதுதான் என் நீளம் என்று நின்ற பிறகுதான் மடிப்பு. இதை ஒருமுறை அவள் சொன்னாள். அவர் விடுவாரா?

"நம்ம கல்யாணமும் அப்படித்தாம்மா தொங்கிட்டு இருக்கு. கீழ் மடிப்பை அந்த விசா ஆபீஸ்காரன் எப்ப அடிப்பானோ!"

எத்தனை பேசினாலும் ஒரு விஷயத்தை மட்டும் அவர் பேசமாட்டார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பார். அவள் மெஷினை நிறுத்துவாள். "ம்ஹூம். அது போன்ல சொல்ற விஷயம் இல்ல. நேர்ல சொல்றேன்" என்று முடித்துவிடுவார். என்னவென்று கேட்டு அவளும் சலித்துப் போனாள். ஆனால் அந்த ஒன்றைக் கேட்கத்தான் அங்கே போகிறோம் என்று உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொன்னால் வெட்கம்.

தொண்டை கரகரத்தபோது இரண்டு பேருமே பெரிதாக நினைக்கவில்லை. குளிரில் வேலை. வெந்நீர் குடிங்க என்றாள். குடித்தார். கரகரப்பு போகவில்லை. பிறகு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் கட்டி. கெட்ட கட்டி. குரல்வளையை அடியோடு எடுத்துவிட வேண்டும், இனி கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு என்று சொன்னார்கள். பின்னால் கருவி வைத்து ஏதோ பேசலாமாம். ஆனால் அது இந்தக் குரலாக இருக்காதாம்.

"ரேடியோ ஸ்டேஷனையே இழுத்து மூடப் போறாங்களாம்" என்று அவர் சிரித்தார். அவள் ஒயரைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு, உருளைகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை வைத்து அழுதாள்.

டாக்டர் உடனே என்றார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் பொண்டாட்டி வரட்டும்" என்றார்.

"குரல் போறதுக்குள்ள உன்னைப் பார்த்து நேர்ல பேசணும். அவ்வளவுதான் நான் கேக்குறேன். கல்யாணம் பண்ணி என்னத்தக் கண்டோம்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதிர்ல உக்காந்து பேசிட்டு, அப்புறம் கத்தியை வைக்கட்டும்."

டாக்டர் கொடுத்த தேதி ஒன்று போயிற்று. அடுத்த தேதியையும் தள்ளிப் போட்டார். இங்கே இவள் விசா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஆஸ்பத்திரிச் சான்றைக் கொடுத்தாள். மொழிபெயர்த்துக் கொண்டு வா என்றார்கள். மொழிபெயர்த்தாள், போலீஸ் சான்று காலாவதி என்றார்கள். அதைப் புதுப்பித்தாள், அதற்குள் மருத்துவப் பரிசோதனை காலாவதி. ஒன்று வந்தால் ஒன்று போகும். அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். கெட்டவனாவது கோபப்பட்டு ஏதாவது பதில் சொல்வான். இவர்கள் மரியாதையாகச் சிரித்து, "பரிசீலனையில இருக்கு மேடம்" என்றார்கள். நாசமாய்ப் போக அந்தப் பரிசீலனை!

ஒருநாள் மதியம் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது. அவரோடு ஒரே ரூமில் இருக்கும் சமையல்காரர்.

"அண்ணி, நான் பேசினது அண்ணனுக்குத் தெரிய வேணாம். இருமினா ரத்தம் வருது. உங்ககிட்ட மறைக்கிறாரு. டாக்டர் நேத்து கத்திட்டாரு. இந்தத் தேதியையும் விட்டா அப்புறம் எடுக்க முடியுமான்னே தெரியாதாம். அண்ணன் உங்க விசாவைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்காரு. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரே தம்பி."

"அப்ப கேக்குற மாதிரி சொல்லுங்க அண்ணி."

அவள் அன்று முழுக்க ஒரு ஜன்னல் துணியைத் தைத்துத் தைத்துப் பிரித்தாள். சாயங்காலம் வழக்கம்போல் அவர் கூப்பிட்டார். கரகர ஒலிபரப்பு. அவள் நடுவில் வெட்டினாள்.

"என்னங்க, விசா இல்லன்னு சொல்லிட்டாங்க."

"எது?"

"நிராகரிச்சுட்டாங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இனி ரொம்ப நாள் கழிச்சுத்தான் திரும்பப் போட முடியுமாம்."

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அவள் போன் கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். கெடவில்லை. மூச்சு கேட்டது.

"அப்ப சரி" என்றார் அவர் கடைசியில். "அப்ப எதுக்காக இதை வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கேன்? எடுத்துத் தொலைக்கட்டும்."

பாவி, இப்படி ஒரு பொய்யை வாய் கூசாமல் சொல்லிவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் அடுத்த தேதிக்கு ஒப்புக்கொண்டார். அதற்காக எந்தப் பழியையும் சுமக்கலாம் என்று நினைத்தாள்.

விதி என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்காமல் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை, பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிச் செய்தி வந்தது. ஆமா என்றா இல்லை என்றா, அதில் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி ஓடினாள். உறையை வாங்கி வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கிழித்தாள். உள்ளே பளபளவென்று விசா ஒட்டியிருந்தது. அவள் போட்டோ, அவள் பேர், அன்றைய தேதி.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.

"எங்க இருக்க? ஒரே இரைச்சலா இருக்கு."

"கடைக்கு நூல் வாங்க வந்தேன்."

"நாளைக்குக் காலையில உள்ள கொண்டுபோறாங்க. ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுக்க. ஸ்டாக் உள்ளவரைதான்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார்.

"நேர்ல சொல்றேன் நேர்ல சொல்றேன்னு சொல்வீங்களே. அதைச் சொல்லுங்க."

"அது போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. விசாதான் இல்லன்னு ஆயிடுச்சே. அதோட போகட்டும்."

அவள் பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர ஒரு வாரம். ஒரு வாரம்தானே?

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். விசா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணியிருப்பேனா? இந்தப் பச்சை அங்கியோடவே எந்திரிச்சு ஏர்போர்ட்ல வந்து நின்னுருப்பேன். டாக்டராவது கீக்டராவது!"

சொல்லி முடிக்கவில்லை, மறுபடி இருமல். யாரோ நர்ஸ் அதட்டுவதும், பாத்திரத்தில் துப்புவதும் கேட்டது.

"நல்லவேளை, வரல" என்றாள் அவள். "போயிட்டு வாங்க."

ஒரு வாரம் கழித்து அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆபரேஷன் முடிந்து அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் குழாய். மடியில் எழுதி அழிக்கும் வெள்ளைப் பலகை. வாசலில் இவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். உதடுகள் என்னென்னவோ பேசின. கழுத்துக் குழாயில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. ரேடியோ என்ற பேரை அவருக்கு வைத்தவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்கக் கூடாது.

"அப்பீல் பண்ணினேன், குடுத்துட்டாங்க" என்றாள். ஒரு பொய் சொன்னால் அது குட்டி போடாமல் விடுமா?

அவர் அதை நம்பினார். சந்தோஷமாகவே இருந்தார். பலகையில் மேஸ்திரியைப் பற்றி எழுதிக் காட்டிச் சிரிக்கவைத்தார். அவள் குழாயைத் துடைத்தாள், தலையைத் துவட்டினாள், ஊமை மாதிரி இருந்தவள் வாய் ஓயாமல் பேசினாள். கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் கழுத்தில் பரவியிருந்ததா என்று பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாருக்கும் எதுவும் தெரியாத நாட்கள் அவை.

அப்படி ஒரு பகலில் அவர் எழுதினார்: "அந்த மகாராசி விசா எப்படித்தான் இருக்கா? காட்டு."

அவளுக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போயிற்றோ, தெரியவில்லை. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் சிரித்தபடியே புரட்டினார். போட்டோவைப் பார்த்தார். பிறகு அந்த இடத்திலேயே கண் நின்றது. தேதி. அவர் கத்திக்குப் போவதற்கு முதல் நாள்.

அவள் பாஸ்போர்ட்டை வாங்கக் கை நீட்டினாள்.

அவர் பலகையை எடுத்தார். மெதுவாக எழுதினார்: "நூல் வாங்க வந்தேன்னு சொன்னியே. அன்னிக்கா?"

"ஆமாங்க. கையில வெச்சுக்கிட்டுத்தான் பேசினேன். சொன்னா எந்திரிச்சு வந்துடுவேன்னு நீங்கதான் சொன்னீங்க. ரத்தமா துப்பிட்டு இருந்தீங்க. நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் அழித்தார். எழுதினார்: "ஒரு வாரத்துல நான் செத்திருக்க மாட்டேன்."

செத்திருக்க மாட்டார்தான். இல்லை, அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் கைமீறியிருக்கும். எது உண்மை என்று டாக்டருக்கே தெரியாது, திரைச்சீலை தைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்துட்டேனே. எதிர்லதானே உக்காந்திருக்கேன். அது என்னன்னு எழுதுங்க. என்னைத் திட்டினாலும் பரவாயில்ல, அதை மட்டும் எழுதிக் காட்டுங்க."

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பலகையைத் துடைத்தார். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பொறுமையாக எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அது எழுதுற விஷயம் இல்ல."

பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் போர்வையை இழுத்து அவர் தோள்வரை மூடினாள்.